தவக்காலத்தை வீட்டிலும் பங்கிலும் அனுசரிப்பது எப்படி? திருநீற்றுப் புதன் முதல் பாஸ்கா இரவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நோன்பு நாட்களான தவக்காலம் தொடங்கும் வாரத்தில் நம்மில் பலர் பெரிய பெரிய தீர்மானங்களை எடுக்கிறோம். நாள்தோறும் திருப்பலி, நாள்தோறும் செபமாலை, நாற்பது நாளும் சைவம், கைப்பேசியைத் தொடுவதில்லை என்று பட்டியல் நீள்கிறது. மூன்றாம் வாரம் வரும்போது ஒன்றிரண்டு நின்றுபோயிருக்கும். ஐந்தாம் வாரத்தில் எதையும் செய்யாத குற்ற உணர்வு மட்டுமே மிஞ்சியிருக்கும். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டிலும் ஓர் ஆண்டு இப்படித்தான் ஆனது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் நாங்கள் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டோம்: செபத்தில் ஒன்று, நோன்பில் ஒன்று, ஈகையில் ஒன்று என மூன்றை மட்டுமே தேர்ந்தெடுப்பது, அந்த மூன்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைப்பது. இந்த வழிகாட்டி அந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் கத்தோலிக்கக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், தவக்காலத்தை லெந்து நாட்கள் என்று அனுசரிக்கும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக் குடும்பங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நாட்களைக் கணக்கிடுங்கள்

மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்). அதிலிருந்து 46 நாட்கள் பின்னோக்கி எண்ணினால் திருநீற்றுப் புதன் வரும். பெரியவர்கள் இன்னும் விபூதிப் புதன் என்றே சொல்கிறார்கள். இந்த 46 நாட்களில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது கிடைக்கும். ஞாயிறு எப்போதும் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அது நோன்பு நாளாக எண்ணப்படுவதில்லை. வழிபாட்டு முறைப்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆயினும் நோன்பின் கணக்கு புனித சனி வரை செல்கிறது.

2027-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. 2028-இல் திருநீற்றுப் புதன் மார்ச் 1, உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 16. வீட்டு நாட்காட்டியில் திருநீற்றுப் புதன், ஆறு வெள்ளிக்கிழமைகள், குருத்து ஞாயிறு, பெரிய வாரத்தின் மூன்று நாட்கள் ஆகியவற்றை வட்டமிட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு இருந்தால் அந்தத் தேதிகளையும் அதே தாளில் குறியுங்கள். தேர்வு எழுதும் பிள்ளையைப் பட்டினி போடுவதோ, இரவு பத்து மணி வரை செபத்தில் உட்கார வைப்பதோ தவம் ஆகாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஒரு சங்கீதம் போதும்.

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறு மாலை

குடும்பமாகச் சேர்ந்து அரை மணி நேரம் உட்காருங்கள். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, கடந்த ஆண்டு குருத்து ஞாயிறன்று கொண்டுவந்து பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) பின்னால் செருகி வைத்த குருத்தோலையை எடுப்பது. எங்கள் வீட்டில் அதை எடுக்கும்போது ஓலை பழுப்பேறி, தொட்ட இடத்தில் நொறுங்கும். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளிறிய கோடாகத் தெரியும். அந்த ஓலையைப் பங்கில், அதாவது உங்கள் ஊர்க் கோயிலில், கேட்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அதை எரித்துக் கிடைக்கும் சாம்பலைத்தான் புதன்கிழமை நெற்றியில் இடுகிறார்கள். தன் வீட்டு ஓலையே சாம்பலாகித் தன் நெற்றிக்கு வருகிறது என்று தெரிந்த குழந்தைக்குத் தவக்காலத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

அடுத்து, ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள். மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரம்தான் திருநீற்றுப் புதனின் நற்செய்தி வாசகம். அதில் இயேசு ஈகை, செபம், நோன்பு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறார், மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிறார். ஆகவே மூன்றில் எதையும் விட வேண்டாம். எதையும் பெருக்கவும் வேண்டாம். “காலை ஆறு மணிக்கு அன்றைய நற்செய்தியை வாசிப்போம், வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருப்போம், அன்று மிச்சமாகும் பணத்தை உண்டியலில் போடுவோம்” என்பது போன்ற ஒரு தாள் போதுமானது. “இன்னும் அதிகமாகச் செபிப்பேன்” என்று எழுதாதீர்கள். நேரமும் இடமும் இல்லாத தீர்மானம் இரண்டாம் வாரத்தைத் தாண்டுவதில்லை.

திருநீற்றுப் புதன்

இது அரசு விடுமுறை நாள் அன்று. பெரும்பாலான பங்குகளில் விடியற்காலையிலும் மாலையிலும் திருப்பலி இருக்கும். நேரத்தை முந்தைய ஞாயிறு அறிவிப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது திருப்பலிக்குக் கட்டாயம் போக வேண்டிய கடன் திருநாள் அன்று என்பதையும் பலர் அறிவதில்லை. கடமை இல்லாமலேயே கோயில் நிரம்பி வழியும் நாட்களில் இதுவும் ஒன்று. சாம்பல் இடும்போது குருவானவர் மனம் மாறி நற்செய்தியை நம்பும்படி சொல்லலாம், அல்லது நாம் மண்ணாய் இருப்பதையும் மண்ணுக்கே திரும்புவதையும் நினைவூட்டலாம். இரண்டில் எது உங்களுக்குச் சொல்லப்பட்டதோ, அதையே அந்த வாரத்தின் மனச்செபமாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். படுக்கையில் இருக்கும் முதியோர் வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் சாம்பல் கொண்டுவர இயலுமா என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

இந்த இரண்டு சொற்களையும் நம் பாட்டிமார் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள்; நாம்தான் குழப்பிக்கொண்டோம். ஒருசந்தி என்பது உணவின் அளவைக் குறைப்பது: நாளில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் சிறிதளவு மட்டும். சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. திருச்சபைச் சட்டப்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும் கடமையான நாட்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகள் சுத்தபோசன நாட்கள். பதினான்கு வயது நிறைந்தவர்களைச் சுத்தபோசனம் கட்டுப்படுத்தும். ஒருசந்தி பதினெட்டு வயது நிறைந்தவர்கள் முதல் அறுபதாம் வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்கு உரியது. பெருவிழா ஒன்று வெள்ளிக்கிழமை வந்தால் அன்று சுத்தபோசனக் கடமை இல்லை. 2027-இல் புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 வெள்ளிக்கிழமையன்றே வருகிறது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

இங்கே நம் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டத்தில் மீன் இறைச்சிக் கணக்கில் வராது. மீனே அன்றாட உணவாக இருக்கும் ஊரில், வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறியை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டால் சட்டம் நிறைவேறும். நோன்பு நிறைவேறுமா என்பதை அவரவர் மனமே சொல்ல வேண்டும். என் கருத்து வெளிப்படையானது: எது இல்லாவிட்டால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காதோ அதைத்தான் விட வேண்டும். ஒருவருக்கு அது மீன் குழம்பு. இன்னொருவருக்கு மாலை நான்கு மணி டீயும் பஜ்ஜியும். வேறொருவருக்கு வெற்றிலை பாக்கு. சாப்பாட்டைவிடச் சீரியலும் கைப்பேசியும் பற்றிக்கொண்டவர்கள், நோன்பை அங்கிருந்தே தொடங்குவது நல்லது. மதுவும் புகையிலையும் பிடித்துவைத்திருக்கும் வீடுகளில் இந்த நாற்பது நாள் ஒரு நல்ல தொடக்கம். ஆனால் நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர் திடீரென நிறுத்துவது உடலுக்கு ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும்.

ஒருசந்தி நாளில் எங்கள் வீட்டில் அம்மா காலையில் ஒரு குவளை மோரும் இரண்டு இட்லியும் தருவார். மதியம் சாம்பார், பொரியலுடன் முழுச்சாப்பாடு. இரவு நொய்க்கஞ்சியும் வறுத்த மோர்மிளகாயும். மாசி, பங்குனி வெயில் நம் ஊரில் சுடத் தொடங்கிவிடுவதால் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். தண்ணீர் குடிப்பது ஒருசந்தியை முறிக்காது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், நோயிலிருந்து தேறுபவர்கள் ஆகியோர் ஒருசந்தி இருக்கத் தேவையில்லை. வேளை தவறிச் சாப்பிட்டுச் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழுவதைக் கடவுள் கேட்கவில்லை. விடியற்காலை கடலுக்குப் போகிறவர், செங்கல் சூளையில் சுமை தூக்குகிறவர் போன்றோர் தங்களுக்கு ஏற்ற வேறு ஒரு தவமுயற்சியைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பெறலாம். தகுந்த காரணம் இருந்தால் மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

நாள்தோறும் செபிக்க ஒரு முறை

தனிச் செபத்திற்கு நான் பரிந்துரைப்பது அன்றைய திருப்பலி வாசகங்களையே. புதிதாக எதையும் தேட வேண்டாம். பங்கில் கிடைக்கும் வழிபாட்டு நாட்காட்டியில் அன்றைய வாசகக் குறிப்பு இருக்கும். வீட்டில் திருவிவிலியம் இருந்தால் போதும். கைப்பேசியில் வாசிக்கத் தொடங்கினால் வாட்ஸ்அப் செய்தி ஒன்று குறுக்கே வந்து நிற்கும் என்பதால் அச்சுப் புத்தகத்தையே எடுங்கள். கண்பார்வை குறைந்தவர்களுக்கு வேறொருவர் வாசித்துக் காட்டுவது அதனினும் சிறந்தது.

முறை இதுதான். மெழுகுதிரி ஏற்றி, சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். நற்செய்தியை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். அமைதிக்குப் பின் மீண்டும் ஒருமுறை, இந்த முறை வேறொருவர், வாசிக்கட்டும். மனத்தில் தங்கிய ஒரு சொல்லையோ சொற்றொடரையோ ஒவ்வொருவரும் விளக்கம் கூறாமல் சொல்லட்டும். பிறகு 51-ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து சொல்லி, பரலோக மந்திரத்துடன் முடியுங்கள். பதினைந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. மறையுரை ஆற்றும் ஆசை வீட்டுப் பெரியவருக்கு வரும். அதை அடக்குவதும் ஒரு தவமே.

ஞாயிறு நற்செய்திகளின் வரிசை தெரிந்தால் தவக்காலத்தின் போக்கு புரியும். முதல் ஞாயிறு பாலைநிலத்தில் இயேசு சோதிக்கப்பட்டது. இரண்டாம் ஞாயிறு மலைமேல் அவர் உருமாறியது. மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியின் முதலாம் ஆண்டில் அடுத்த மூன்று ஞாயிறுகளும் யோவான் நற்செய்தியிலிருந்து வருகின்றன: கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர். தண்ணீர், ஒளி, உயிர் என்ற இந்த வரிசை பண்டைய நாளில் உயிர்ப்பு இரவில் திருமுழுக்குப் பெறக் காத்திருந்தவர்களுக்காக அமைந்தது. தவக்காலமே அவர்களை ஆயத்தப்படுத்தும் காலமாக வளர்ந்ததுதான். நம் வீட்டில் எல்லோரும் குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்றிருந்தாலும், இந்த நாற்பது நாளும் நம்மை அதே திருமுழுக்குத் தொட்டியை நோக்கித்தான் நடத்திச் செல்கின்றன.

கூடுதல் வாசிப்பு வேண்டுமென்று விரும்புகிறவர்களுக்குத் திருத்தந்தை ஆண்டுதோறும் வெளியிடும் தவக்காலச் செய்தி ஒன்று. அது சில பக்கங்களே இருக்கும். மற்றொன்று நம் மண்ணுக்கே உரியது. கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், புனித சூசையப்பரை ‘வளன்’ என்ற பெயரில் தலைவராக வைத்துப் பாடிய ‘தேம்பாவணி’ 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. முழுவதையும் வாசிப்பது இந்த நாற்பது நாளுக்குள் ஆகாத காரியம். மார்ச் 19 அன்று உரையுடன் கூடிய ஒரு படலத்தை எடுத்து வாசித்தால் போதும்.

சிலுவைப்பாதை

வெள்ளிக்கிழமை மாலைகளின் உயிர், இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் இந்தச் செபத்தில்தான் இருக்கிறது. பதினான்கு நிலைகள் என்ற எண்ணிக்கை 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து காலத்தில் உறுதியானது. இயேசு விழும் மூன்று நிலைகளும் (3, 7, 9), தாயைச் சந்திக்கும் நான்காம் நிலையும், வெரோணிக்காள் முகத்தைத் துடைக்கும் ஆறாம் நிலையும் நற்செய்திகளில் நேரடியாக இல்லை. மரபு காத்துத் தந்தவை. முழுவதும் விவிலியத்திலிருந்தே எடுத்த வேறொரு வரிசையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் பயன்படுத்தினார். அது கெத்செமனித் தோட்டத்தில் தொடங்குகிறது. ஒரு வாரம் பழைய வரிசை, அடுத்த வாரம் விவிலிய வரிசை என்று மாற்றிச் செய்தால் சொற்கள் வாய்ப்பாடாகிவிடாமல் இருக்கும்.

கோயிலில் செய்யும்போது குருசைத் தூக்குபவரும் மெழுகுதிரி ஏந்துபவர்களும் நிலைக்கு நிலை நகர, மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே திரும்பி முழங்காலிடுவது வழக்கம். அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில்) செய்யும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. தெருவில் பதினான்கு வீட்டு வாசல்களைத் தேர்ந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு முக்காலி, வெள்ளைத் துணி, சிறு சிலுவை, எரியும் மெழுகுதிரி ஆகியவற்றை வைக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரே அந்த நிலையின் சிந்தனையை வாசிக்கட்டும். எந்த வாசலுக்கு எந்த நிலை என்பதைக் கவனமாகத் தீர்மானியுங்கள். நோயாளியைப் பராமரிக்கும் வீட்டில் ஐந்தாம் நிலை, சீரேனே ஊர் சீமோன் சிலுவையைத் தாங்கும் நிலை, படிக்கப்பட வேண்டும். பிள்ளையைக் கடலில் பறிகொடுத்த ஒரு தாயின் வாசலில் நாங்கள் பதின்மூன்றாம் நிலையை வைத்தோம். இறந்த மகனைத் தாய் மடியில் வாங்கும் அந்த வரிகளை அவரே வாசித்தார், பாதியில் குரல் நின்றது, யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்து முடித்தார். “எங்கள் மேல் தயவாயிரும் சுவாமி” என்று அன்று தெரு முழுவதும் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய சம்மதத்தை நாங்கள் முன்பே கேட்டிருந்தோம்; நீங்களும் கேட்காமல் இப்படிச் செய்யாதீர்கள்.

வீட்டுக்குள் தனியாகச் செய்கிறவர்கள் கையேட்டின் எல்லாச் சிந்தனைகளையும் அவசரமாக வாசித்து முடிப்பதைவிட, ஒவ்வொரு நிலையின் தலைப்பையும் சொல்லி ஒரு நிமிடம் நின்று அடுத்ததற்குப் போகலாம். அன்றைய செபமாலையில் துயர மறையுண்மைகளைத் தியானிப்பது இயல்பாகவே இதனுடன் சேரும்.

மிச்சமானது எங்கே போகிறது?

எசாயா 58-ஆம் அதிகாரம் திருநீற்றுப் புதனுக்குப் பின்வரும் வெள்ளியன்று வாசிக்கப்படுகிறது. பசித்தவரோடு உணவைப் பகிர்வதே தமக்கு உகந்த நோன்பு என்று ஆண்டவர் அதில் சொல்கிறார். ஆகவே நோன்பில் மிச்சமான பணம் மீண்டும் நம் பைக்குள் போனால் அது சிக்கனமே ஒழிய நோன்பு ஆகாது. நாங்கள் மூடியில் துளையிட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறோம். டீக்கும் பஜ்ஜிக்கும் ஆகும் 30 ரூபாயை நாற்பது நாள் போட்டால் 1,200 ரூபாய். வெள்ளிதோறும் விட்ட மீனின் விலை அதற்கு மேல். கண்ணாடி வழியே பணம் ஏறுவது தெரிவதால் பிள்ளைகளும் தங்கள் சில்லறையைப் போடுகிறார்கள்.

எங்கே கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். காரித்தாஸ் இந்தியா ஆண்டுதோறும் பசிக்கும் நோய்க்கும் எதிராக நடத்தும் தவக்கால நிதித் திரட்டலுக்குப் பங்கு வழியாகக் கொடுக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் வழியாக உங்கள் பங்கிலேயே உள்ள குடும்பத்துக்கும் கொடுக்கலாம். கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். உயிர்ப்புப் பெருவிழா முடிந்த கையோடு விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் வருமானம் நின்றுவிடுகிறது; 2028-இல் தடை தொடங்கும் நாளே புனித சனி. அந்த ஆண்டு உண்டியலை ஒரு மாத அரிசியாகவும் பருப்பாகவும் மாற்றிக் கொடுப்பது மிகவும் பொருத்தமாக இருக்கும். கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். மத்தேயு ஆறாம் அதிகாரத்தை நாற்பது நாள் முன்புதான் வாசித்தோம்.

பாவசங்கீர்த்தனம்

பாவங்களைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெரிய வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். அப்போது வரிசை நீளும், குருவானவரும் களைத்திருப்பார். பங்கில் தவக்காலத் தியானம் நடக்கும் இரண்டு மூன்று நாட்களில் வெளியூர்க் குருக்கள் வந்திருப்பார்கள். தம் பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. முந்தைய இரவு பத்துக் கட்டளைகளை வைத்து ஆன்மசோதனை செய்து, நினைவுக்கு வந்தவற்றை எளிய சொற்களில் சொல்லுங்கள். பிறர் செய்த தவற்றைச் சொல்லத் தொடங்கினால் உடனே நிறுத்திக்கொள்ளுங்கள். பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பியிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது இன்னும் நல்லது. பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மீதியைக் குருவானவர் கேட்டுக்கொள்வார்.

பெரிய வாரம்

குருத்து ஞாயிறன்று தென்னங்குருத்தில் சிலுவை பின்னத் தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். புதிய ஓலை பழைய ஓலை இருந்த இடத்திற்குப் போகட்டும்.

பெரிய வியாழன் மாலை பாதம் கழுவும் சடங்குடன் கூடிய திருப்பலிக்குப் பின், நற்கருணை வேறொரு பீடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு ஆராதனை நடக்கும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அன்று ஒரு வசதி உண்டு. மிஷன் வீதியில் 1791-ஆம் ஆண்டுப் பேராலயமான சம்பா கோயில், இரயில் நிலையத்தை ஒட்டி 1907-இல் திறக்கப்பட்ட தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா, துய்மா வீதியில் கப்ஸ் கோயில் ஆகிய மூன்றையும் நடந்தே சந்தித்துவிடலாம். ஒவ்வோர் ஆலயத்திலும் பத்து நிமிடம் அமைதியாக இருந்து, வழியில் பேசாமல் நடப்பதே முறை. இந்தத் திருப்பலியின் ‘உன்னதங்களிலே’ பாடலுக்குப் பிறகு பாஸ்கா இரவு வரை மணி ஒலிக்காது. மணிக்குப் பதிலாக எழுப்பும் மரக்கட்டை ஓசையைக் குழந்தைகள் கவனிக்கட்டும்.

பெரிய வெள்ளியன்று உலகெங்கும் திருப்பலி கிடையாது. பிற்பகல் மூன்று மணியளவில் யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு, பொது மன்றாட்டுகள், திருச்சிலுவை ஆராதனை, நற்கருணை என்ற வரிசையில் வழிபாடு நடக்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்களில் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை மும்மணி ஆராதனையில் சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறார்கள். 1740-இல் லுத்தரன் மிஷனரி கியர்னாண்டர் கடலூருக்கு வந்த நாளிலிருந்து லுத்தரன் மரபும் நம் ஊர் மரபுதான். அந்த ஏழு வார்த்தைகளை நண்பகலில் வீட்டில் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு மூன்று மணி வழிபாட்டுக்குச் செல்வது கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் ஏற்றது. பங்கில் கஞ்சி ஊற்றினால் பரிமாறும் வேலைக்கு உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள்.

நடுவில் எதுவும் தவறிப்போயிருந்தால், அதற்காக மொத்தத்தையும் கைவிட வேண்டாம். தவறிய நாளை இரட்டிப்பாக்கி ஈடுகட்டவும் வேண்டாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு மெழுகுதிரியை ஏற்றுங்கள்.

புனித சனி மாலைக்குள் உண்டியல் பணம் உரியவர் கையில் சேர்ந்திருக்கட்டும். இரவு பாஸ்கா திருவிழிப்புக்கு ஆளுக்கொரு மெழுகுதிரியும், அதில் உருகும் மெழுகு கையில் படாமலிருக்கத் துளையிட்ட ஒரு காகிதத் துண்டும் கொண்டுபோங்கள். புது நெருப்பை மந்திரிப்பது வெளியே நடப்பதால் சற்று முன்னதாகவே செல்ல வேண்டும். திருவிழிப்பு நீளமானது, சிறு பிள்ளைகளை மதியமே தூங்க வைத்துவிட்டால் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் நேரத்தில் விழித்திருப்பார்கள். சாத்தானையும் அதன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று குருவானவர் கேட்பார். எரியும் திரியைக் கையில் பிடித்துக்கொண்டு, விட்டுவிடுகிறேன் என்று உரத்துச் சொல்லுங்கள்.